குருவி இருந்த பை

தியாகராய நகரில் எங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்தில், லிஃப்டுக்குப் போகும் வழியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரெக்சின் பை இருக்கிறது. அரக்கு நிறம். தோளில் மாட்டும் வார் ஒரு முறை அறுந்து, பச்சை நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கத்தில் மஞ்சள் மையில் ஒரு தூக்கணாங்குருவி, அலகில் ஒரு நார், பக்கத்தில் பாதி பின்னிய கூடு. கீழே வட்ட வட்டமான எழுத்துகளில் ‘தென்கரை சாசுவத சேமிப்பு நிதி’ என்ற பெயர். பையை அங்கே வைத்தவள் நான். ‘பழைய சின்னம் பொறித்த வசூல் பை’ என்று அதன் கீழே இருந்த அட்டையை எழுதியவளும் நான்தான்.

பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரில் வங்கியின் பெயரும் சின்னமும் மாறிவந்த கதை வரிசையாக இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் நிதி தொடங்கியபோது போட்ட முத்திரைதான் முதல் படம். ஒரு வட்டத்துக்குள் ஈச்சமரம், அதில் தொங்கும் கூடு, குருவி, தூரத்தில் ஒரு கோபுரம், சுற்றிலும் இரண்டு மொழிகளில் பெயர். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, யாருடைய மனமும் கோணாமல் எல்லாவற்றையும் வரைந்து வைத்ததுபோல் இருக்கும். அடுத்ததில் மரமும் கோபுரமும் போய்க் குருவியும் கூடும் மட்டும் நின்றன. பிறகு நிதி வங்கியானது. ‘சாசுவத’ என்ற சொல் பெயரிலிருந்து உதிர்ந்தது, குருவியும் போனது, கூடு மூன்று நீலக் கோடுகளாக மாறியது. இப்போது தென்கரையும் இல்லை, வெறும் ‘டென்கா’. மூன்று கோடுகளில் ஒன்றுதான் மிச்சம், ஆரஞ்சு நிறத்தில் வளைந்து நிற்கிறது. கைப்பேசித் திரையில் விரல் நுனி அளவில் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் இவ்வளவுதான் முடியும் என்று வடிவமைத்தவர்கள் சொன்னார்கள். அது உண்மை. பார்க்கவும் நன்றாக இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். என் கருத்தைக் கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

நான் சைதாப்பேட்டையில் ஆற்றோரத்துச் சந்தில் வளர்ந்தவள். அம்மா மார்க்கெட்டில் கருவாடு விற்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. வங்கியின் கதையைச் சுவரில் ஏற்றும் வேலையை எனக்குக் கொடுத்தபோது, தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் என்று காரணம் சொன்னார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

சுவருக்கு வேண்டிய பழைய பொருள்களைத் தேடித்தான் அடித்தளத்து ஸ்டோர் ரூமுக்குப் போனேன். காலண்டர்கள், குருவி போட்ட சுவர்க் கடிகாரம், கை உடைந்த நாற்காலிகள், அவற்றுக்கு அடியில் அந்தப் பை. குருவியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட பைகள் நிறைய இருந்திருக்கும். வாரில் இருந்த பச்சை நூலைப் பார்த்ததும்தான் கை நின்றது. எங்கள் சந்து முனையில் தையற்கடை வைத்திருந்த பாய் எந்தத் துணியாக இருந்தாலும் பச்சை நூலில்தான் தைப்பார். பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டையையும் பச்சையில் தைத்துக் கொடுத்தவர். கேட்டால், “கலர கண்டுக்காத பேட்டி, பிரியாம கீதா பாரு” என்பார். பேட்டி என்றால் அவர் மொழியில் மகள். எனவே அது யாருடைய பை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன் சொந்தக்காரரை எங்கள் சந்து கலெக்‌ஷன் அக்கா என்று கூப்பிட்டது. நிதியின் தினசரி வசூல் ஏஜெண்டு. எங்கள் சந்திலேயே, தண்ணீர்க் குழாய்க்கு எதிர்வீட்டில் குடியிருந்தவர். விளக்கு வைக்கும் நேரத்தில் பையை இடது தோளில் மாட்டி, இடுப்போடு அணைத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். வாசலில் நின்று, “இன்னாமே, குருவிக்கு எதனா கீதா?” என்பார். இருந்தால் கொடுப்பார்கள். இல்லையென்றால், “இன்னிக்கு குருவி பட்டினி” என்று பதில் வரும். அவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை மாம்பலம் ரயிலைப் பிடிக்கப் போகும் கூட்டத்தோடு நடந்து, மார்க்கெட்டை ஒட்டிய கிளையில் பணத்தைக் கட்டிவிட்டு வருவார். சேமிப்பது என்ற சொல்லை எங்கள் சந்தில் யாரும் பயன்படுத்தியதாக நினைவில்லை. குருவிக்குப் போடுவது, அவ்வளவுதான். நிதியின் முழுப் பெயரையும் யாரும் சொன்னதில்லை. குருவி பேங்கு. தென்கரை நிதி வங்கியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எங்கள் சந்து அதை வங்கியாக்கியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு படம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பற்றி, வங்கியின் பெயரையும் சின்னத்தையும் கவனிக்கும் என் துறையில் இப்போது நிறையப் பேசுகிறோம். அப்போது எனக்கு அது சாதாரணம். எங்கள் அம்மா தீப்பெட்டியைப் படத்தை வைத்து வாங்குவார், பஸ்ஸில் எண்ணின் வடிவத்தை வைத்து ஏறுவார், நிதியைக் குருவியை வைத்து நம்பினார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் மாலை அக்கா நீல நிறப் பையோடு வந்தார். புதுப் பை, மூன்று கோடுகள், ‘தென்கரை சேமிப்பு வங்கி’ என்று நேரான எழுத்துகள். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. முதல் வீடே மாவுக்கடை அத்தை வீடு. கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பையை மேலும் கீழும் பார்த்த அத்தை, கையில் எடுத்து வைத்திருந்த காசை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

“குருவி எங்க?”

“இப்ப இதான்க்கா குருவி. பேர மாத்திட்டாங்க. இனிமே நிதி இல்ல, பேங்கு.”

“பேர மாத்திட்டாங்களா?” என்ற அத்தையின் குரல் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்டது. “இன்னாமே சொல்ற? பேர மாத்துன கம்பெனி எதுனா இங்க திரும்பி வந்து கீதா?”

அத்தை சொன்னது அனுபவம். தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு, ஏலச்சீட்டு என்று எங்கள் பகுதியில் கடை விரித்த கம்பெனிகள் எல்லாம் ஒரே வழியில்தான் போயின. முதலில் போர்டு மாறும். பிறகு ஆட்கள் மாறுவார்கள். பிறகு பூட்டு தொங்கும். எங்கள் பெண்களுக்குப் பெயர் மாற்றம் என்பது வளர்ச்சி இல்லை; மூட்டை கட்டுவதன் முதல் அடையாளம். கொஞ்ச நேரத்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அக்கா பழைய நிதியை விட்டுவிட்டு ஏதோ ஓடிப்போகிற கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு கட்சி. அக்காவுக்கே தெரியாமல் அவரை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு கட்சி. அன்று பை காலியாகத் திரும்பிப்போனது.

மறுநாள் பெண்கள் எல்லோரும் கிளைக்குப் புறப்பட்டார்கள். போர்டைப் படிக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் இழுத்துப்போனார். அக்காவும் கூடவே வந்தார், குற்றவாளியைப் போல் நடுவில். கிளை வாசலிலும் குருவி இல்லை. ஏணியில் நின்ற இரண்டு பேர் நீல போர்டை மாட்டி முடித்துவிட்டு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். “படி” என்றார் அம்மா. நான் உரக்கப் படித்தேன். பெரிய எழுத்தில் புதுப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில், ‘முன்பு தென்கரை சாசுவத சேமிப்பு நிதி’. அவ்வளவு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் முறை. அந்தச் சிறிய வரியோடு பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

“பழைய பேர ஏன் சின்ன எழுத்துல போட்டுகீறான்?” என்றார் மாவுக்கடை அத்தை. “சின்னதா எழுதுனா இன்னா அர்த்தம்? மறைக்கிறான்னு அர்த்தம்.”

மேலாளர் வெளியே வந்தார். வயதில் சிறியவர், பொறுமைசாலி. “அம்மா, பயப்படாதீங்க. நிதி வளர்ந்து வங்கி ஆயிருக்கு. இது நல்ல விஷயம்” என்றார்.

“வளந்தா குருவி பெர்சா ஆவணும்ல சார்? காணாம பூட்ச்சே!” என்றார் அத்தை.

ஏணியில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தவறு. சிரிக்கிறவனை நம்ப முடியாது என்று தீர்மானித்துப் பெண்கள் திரும்பினார்கள்.

சந்து முனை அம்மன் கோயிலில் வந்து நின்றார்கள். எங்கள் பகுதியில் பேச்சு முற்றினால் வழக்கு அங்கேதான் முடியும். கல் மேல் கற்பூரம் ஏற்றி, சத்தியம் செய்பவர் எரிவதைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. அத்தை கற்பூரத்தை ஏற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். “பேங்கு எங்கியும் ஓடாது, எங்க துட்டு பத்திரமா கீதுன்னு சொல்லி அடி. நாளிலருந்து எப்பவும்போல போடறோம்.”

அக்காவின் நிலை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வசூலில் கிடைக்கும் கமிஷனில்தான் அவர் வீடு ஓடியது. சந்து கதவடைத்தால் அந்த வேலை போய்விடும். அது போனாலும் இதே ஜனங்களோடு இதே குழாயில் தினமும் தண்ணீர் பிடிக்க வேண்டும். கையை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அக்கா கையை உயர்த்தவில்லை.

“என்கிட்ட குடுத்தது ஒரு வேளகூட என் வூட்டுக்குன்னு நின்னதில்ல. அதுக்குன்னா இப்பவே அடிக்கிறேன்” என்றார். “பேங்கு ஓடாதுன்னு நான் எப்பிடி அடிப்பேன்? அவன் இன்னா என் வவுத்துல பொறந்தவனா? நாளிக்கி அவன் இன்னா பண்ணுவான்னு எனுக்கு இன்னா தெரியும்? என்னப் பத்தி கேளு, சொல்றேன். அவனப் பத்தி என்னாண்ட கேக்காத.”

கற்பூரம் எரிந்து தானாகவே அணைந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு சில நாள் சந்து அவருக்குக் கதவு திறக்கவில்லை. அவர் வழக்கமான நேரத்தில் நீலப் பையோடு வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று, எதுவும் கேட்காமல் அடுத்த வாசலுக்குப் போனார். சிலர் கிளைக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் பிறகு திரும்பி வரவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு மாலை, கருவாட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “பொய் சொல்றவளா இருந்தா அன்னிக்கே அடிச்சிட்டு வேலய பாத்துக்கினு போயிருப்பா.” அன்று அக்கா வந்தபோது அம்மா வாசலில் நின்றார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். “உன் கைக்குத்தான் குடுக்கறேன், நீலப் பைக்கு இல்ல. பழைய பைய எட்தா.” அக்கா வீட்டுக்குப் போய் அரக்குப் பையோடு வந்தார். மாவுக்கடை அத்தை அதைத் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அத்தையும் கொடுத்தார். “தோ பாரு, கோவிச்சிக்கினு கீறியா?” என்று அவர் கேட்டதும், “கோவிச்சிக்கினா உன் மாவ யாரு வாங்கறது?” என்று அக்கா சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அக்கா இரண்டு பைகளோடு வாழ்ந்தார். காலையில் கிளைக்கு நீலப் பை. மாலையில் சந்துக்குள் வரும்போது நீலத்தை மடித்து அரக்குப் பைக்குள் வைத்துக்கொள்வார். புதுச் சின்னத்தை உள்ளே வைத்து, பழைய சின்னத்தை வெளியே காட்டி, எங்கள் சந்தில் வங்கி நடந்தது. பழைய சின்னம் உள்ள எதையும் பயன்படுத்தக் கூடாது என்று வங்கி சொல்லியிருந்தது. ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். நானே அப்படி உத்தரவுகள் எழுதுகிறேன். பழைய சின்னம் தவறான கையில் சிக்கினால் மோசடி நடக்கும். அந்த விதியில் தப்பில்லை. ஒரு நாள் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் குருவியைப் பார்த்துவிட்டார். அக்காவை இதே தியாகராய நகர் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள்.

நடந்ததை அவர் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். குளிர்பதன அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்களாம். எச்சரிக்கை என்று ஒரு தாளைக் கொடுத்தார்களாம். பையை மேசை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். “உள்ள கீற சாமானல்லாம் எட்துக்கினு வெறும் பைய குடுன்னான். துணி அவுத்துக் குடுத்தா மாதிரி கீது” என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் தோளில் பாண்டி பஜார் துணிக்கடை ஒன்றின் மஞ்சள் துணிப்பை தொங்கியது. அதில் குருவியும் இல்லை, கோடுகளும் இல்லை. அதற்குள்ளும் சந்து போட்டது. வங்கிக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. வசூல் குறையாததால் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பெயர் வந்தபோது பையே தேவைப்படவில்லை. டென்கா கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வசூல் ஏஜெண்டுகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்குள் ஆற்றோரச் சந்தும் இல்லை. எங்களைப் போலப் பலரை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு மாற்றியிருந்தார்கள். மாவுக்கடை அத்தை ஒரு மூலைக்கும் பாய் ஒரு மூலைக்கும் போனார்கள். அக்கா இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவர் கைப்பேசியில் ஆரஞ்சு வளைவு இருக்கிறது. சம்பளம் அதில்தான் வருகிறது. “தேங்கா பேங்கு” என்கிறார். அவ்வளவு பெரிய வம்புக்குப் பிறகும் வங்கி ஓடவில்லை என்பதை நான் ஒருமுறை அவரிடம் சொன்னேன். “ஓடும்னு நான் எப்ப சொன்னேன்?” என்றார்.

பெட்டிக்குக் கீழே வைக்க நான் முதலில் எழுதிய அட்டையில் அவர் பெயரும் வேலையும் சந்தும் இருந்தன. எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர். படித்துவிட்டு, நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு, “சுவர் சின்னத்தைப் பற்றியது. ஆட்களை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?” என்றார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அட்டை ஒரே வரியானது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வேலையில் இப்படி எத்தனையோ வரிகள் போகும். பை கிடைத்ததை மட்டும் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “கண்ணாடிப் பொட்டியிலயா?” என்று கேட்டுவிட்டு, “பாக்கலாமா?” என்றார்.

போன சனிக்கிழமை வந்தார். நல்ல புடவை, தலையில் பூ. முன்பு கூப்பிட்டு அனுப்பிய கட்டடத்துக்குள் இரண்டாவது முறையாக நுழைகிறவர் என்பதை வாசல் காவலாளி அறிய வாய்ப்பில்லை. என் விருந்தாளி என்றதும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அக்கா சுவரில் இருந்த படங்களை வேகமாகத் தாண்டி வந்து பெட்டியின் முன் நின்றார். அட்டையைப் படித்தார். “தொறக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார். சாவி என்னிடம் இருந்தது.

பையை எடுத்துக் கொடுத்தேன். இடது தோளில் மாட்டினார். வார் பழகிய இடத்தில் போய் விழுந்தது. கை தானாக அதை இடுப்போடு அணைத்தது. லிஃப்டு வரை நடந்துபோய்த் திரும்பினார். பிறகு பையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தையும் நான் அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பக்கத்திலும் முன்பு குருவி அச்சாகியிருக்க வேண்டும். இப்போது அங்கே எதுவும் இல்லை. ரெக்சின் தேய்ந்து, துணியின் வெள்ளை இழைகள் வெளியே தெரிந்தன. கூட்டின் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று.

“இந்தப் பக்கத்துக் குருவிய என் இடுப்பே தின்னுட்ச்சி” என்றார். பையைத் தானே பெட்டிக்குள் வைத்தார், தேய்ந்த பக்கம் வெளியே தெரியும்படி.

“லோகோ தெரியலியேம்மா” என்றார் எங்கள் பின்னால் வந்து நின்ற காவலாளி.

“அந்தப் பக்கம் ஊரு பாத்தது நைனா. இது நான் சுமந்தது.”

நான் பெட்டியைப் பூட்டினேன். இரண்டு பேரும் ரங்கநாதன் தெரு முனையில் காபி குடித்தோம். அவர் ரயில் ஏறிய பிறகு நான் அலுவலகம் திரும்பி, நான் முதலில் எழுதியிருந்த அட்டையை மறுபடியும் எழுதி அச்சிட்டேன்.

திங்கட்கிழமை காலை துறைத் தலைவர் பெட்டியின் முன் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

“குருவி எங்கே?” என்று கேட்டார்.

ஏற்கெனவே ஒரு முறை கேட்கப்பட்ட கேள்வி என்பது அவருக்குத் தெரியாது. நான் புதிய அட்டையைக் கொடுத்தேன். அக்காவின் பெயர் அதில் இருக்கிறது, வங்கியின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில். அவர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் சொல்லவில்லை. பை அக்கா வைத்தபடியே இருக்கிறது.